எட்டு நாலு முதல் எட்டு ஐம்பத்தாறு வரை

நம்புங்கள் என்று கேட்கப் போவதில்லை. நேரங்களை மட்டும் அன்றைக்கே ஒரு தாளில் குறித்து வைத்தேன். தாள் என்னிடம் இருக்கிறது. கையெழுத்து கொஞ்சம் ஆடியிருக்கும். மற்றபடி எல்லாம் நடந்தது நடந்தபடி.

என் பெயர் நெவின். அர்மா பக்கம் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் ஆரஞ்சு லாட்ஜில் தாத்தா இருந்தார், அப்பா இருந்தார், நான் இருக்கிறேன். லாட்ஜ் என்றால் தங்கும் விடுதி இல்லை, புராட்டஸ்டண்டுகளின் சங்கம். ஜூலை பன்னிரண்டில் ஆரஞ்சுப் பட்டை போட்டுக்கொண்டு ஊர்வலம் போவோம். கத்தோலிக்கப் பூசைக்குள் கால் வைக்க மாட்டோம். சேரும்போது கொடுக்கிற வாக்கு அது.

டெர்வலா கத்தோலிக்க வீட்டுப் பெண். கல்யாணத்துக்காக எங்கள் சபைக்கு மாறினாள். அவள் அம்மா மோயா எட்டு மாதம் அவளோடு பேசவில்லை. லாட்ஜில் சிலர் என்னோடு இரண்டு வருடம் பேசவில்லை. ஐந்தாவது வருடம் அவளுக்குக் கணையத்தில் கட்டி என்றார்கள். வயது முப்பத்தொன்று. கடைசி வாரத்தில் கத்தோலிக்கச் சாமியாரைக் கூப்பிடச் சொன்னாள். கூப்பிட்டேன்.

“என் அடக்கப் பூசை அம்மாவோட கோயில்லதான் நடக்கும். நீ கேட்டுக்கு வெளியே நின்னுராத.”

“நிக்க மாட்டேன்.”

“உங்க ஆளுங்க எல்லாரும் நிப்பாங்க. மழையில குடையைப் பிடிச்சிக்கிட்டு, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி.” சிரிக்கப் போய் இருமினாள். “நீ உள்ளே வருவியா?”

“வரேன்.”

அடக்கத்துக்கு முந்தின மாலை, லாட்ஜ் தலைவர் வெஸ்லி அப்ரிச்சர்ட் வீட்டுக்கு வந்தார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் தொப்பியைக் கழற்றி நின்றார். பிறகு என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார்.

“இப்ப சொல்லக் கூடாதுதான், தம்பி. ஆனா சட்டம் சட்டந்தான். நாளைக்கு நானும் உன்கூடவே வெளியே நிக்கிறேன்.”

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் மோசம். கோபமாகச் சொல்லியிருந்தால் உள்ளே போயிருப்பேன்.

காலையில் பெட்டியை மூடும் முன் ஒரு நிமிடம் தனியாக விட்டார்கள். என் கல்யாண மோதிரத்தைக் கழற்றி அவள் கைக்கு அடியில் வைத்தேன். எனக்குப் பதிலாக இதாவது உள்ளே போகட்டும் என்று நினைத்தேன். யாரும் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

கோயில் கேட் வரை பெட்டியைத் தோளில் சுமந்தேன். அங்கே அவள் சித்தப்பா மகனிடம் மாற்றிக் கொடுத்தேன். மணி பதினொன்று நாலு. பதினொன்று ஐம்பத்தாறுக்கு வெளியே கொண்டு வந்தார்கள். ஐம்பத்திரண்டு நிமிடம் சாலைக்கு எதிர்ப்புறம் நின்றேன். மழை பெய்தது. வெஸ்லி எனக்குக் குடை பிடித்தார்.

நவம்பர் முதல் திங்கட்கிழமை அவளுக்கு முப்பதாம் நாள் பூசை. மோயா போன் செய்தாள்.

“ஏழே முக்காலுக்கு வா. முன் வரிசையில என் பக்கத்துல இடம் விட்டு வைக்கிறேன்.”

“அன்னைக்கு லாட்ஜ் கூட்டம் இருக்கு, அத்தை.”



“இடம் விட்டுத்தான் வைப்பேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை நான் லாட்ஜுக்குத்தான் போனேன். கதவுக் காவல் என் பொறுப்பு. கூட்டம் உள் மண்டபத்தில் நடக்கும். நான் முன்னறையில் தனியாக நிற்க வேண்டும். வெளிக்கதவில் ஒரு பலகைச் சாளரம், உள்ளங்கை அகலம். வருகிறவர் எங்கள் முறைப்படி தட்ட வேண்டும். அந்த வருடத்துக் கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் திறக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை.

“தாழ்ப்பாளை நல்லாப் போடு, நெவின். போப்பாண்டவர் புகுந்துடப் போறார்” என்றான் ஐவன், கடைசியாக உள்ளே போனவன். ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிற நகைச்சுவை. சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான். “மன்னிச்சிரு” என்று முணுமுணுத்து உள்கதவைச் சாத்தினான்.

எட்டு மணிக்கு ஜெபம் தொடங்கியது. வெளியே மழை. ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் என் கால் விரல்கள் விறைத்துப் போயிருந்தன.

எட்டு நாலு.

டக்.

இடைவெளி.

டக்... டக்.

எங்கள் முறைத் தட்டல். தாமதமாக வந்த யாரோ என்று நினைத்துச் சாளரத்தைத் திறந்தேன்.

யாரும் இல்லை. வாசல் விளக்கு. மழைக்கம்பிகள். வண்டிகள். சாளரத்தை மூடினேன்.

எட்டு ஏழு. மறுபடி அதே தட்டல். இந்த முறை சத்தம் கீழிருந்து வந்தது. என் நெஞ்சு உயரத்தில். எங்கள் ஆட்கள் தோள் உயரத்தில் தட்டுவார்கள்.

“யார் அது?”

 ஒரு வாசனை வந்தது. ஆஸ்பத்திரியில் கை கழுவிக்கொள்ளப் படுக்கைக்குப் பக்கத்தில் வைப்பார்களே, அந்த மருந்து வாசனை. சாளரம் மூடித்தான் இருந்தது.

உள்ளே யாரோ பழைய கூட்டத்துக் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இருமினார். உள்கதவுக்கு அப்பால் இருபத்திரண்டு ஆண்கள். கூப்பிட்டிருக்கலாம். 

எட்டு பதினொன்று.

கதவுக்கு அந்தப் பக்கம், மிக நெருக்கத்தில், ஒரு குரல் கடவுச்சொல்லைச் சொன்னது.

சரியாகச் சொன்னது. ஒரு எழுத்து பிசகவில்லை. அந்த வார்த்தையை நான் வீட்டில் ஒருநாளும் உச்சரித்ததில்லை.

டெர்வலாவின் குரல்.

தாழ்ப்பாளில் கை வைத்தேன். இரும்பு சுட்டது. கடுங்குளிரில் இரும்பைத் தொட்டால் சுடுமே, அப்படி.

கடவுச்சொல் சரியென்றால் திறக்க வேண்டும். அதுதான் சட்டம். ஒரு மாதம் முன்னால் சட்டம் என்று சொல்லி அவளிடம் போகாமல் நின்றேன். இன்றைக்கு அதே சட்டம் திற என்றது.

திறக்கவில்லை.

“மழை பெய்யுது, நெவின்.”

கோபம் இல்லை. அழுகை இல்லை. துணி காய்ந்துவிட்டது எடு என்று சொல்கிற குரல்.

“குடை இல்லை...”

கதவில் நெற்றியை வைத்தேன். அந்தப் பக்கமும் ஏதோ வந்து சாய்ந்தது. பலகை லேசாக அசைந்தது.

எட்டு முப்பது. போகவில்லை.

எட்டு நாற்பத்தைந்து.

மூச்சுச் சத்தம். கடைசி வாரத்து மூச்சு. இழுத்து... நின்று... இழுத்து...

எட்டு ஐம்பத்தாறு.

நின்றது.

ஒன்பது ஐந்துக்கு உள்கதவு திறந்தது. முதலில் வெஸ்லி வந்தார்.

“என்னப்பா, கதவைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற?”

“யாராவது தட்டுற சத்தம் கேட்டுதா?”

“ஒண்ணும் கேக்கலையே. உள்ளே வா. டீ ஆறுது.”

தாழ்ப்பாளை எடுத்துக் கதவைத் திறந்தேன். படிக்கட்டு முழுக்க ஈரம். மேல் படியில் மட்டும் காய்ந்த இடம் இரண்டு. சின்னப் பாதங்களின் அளவு. கதவைப் பார்த்தபடி. ஒருவர் வெகுநேரம் அசையாமல் நின்றால்தான் அப்படி இருக்கும். வெஸ்லியும் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை அதையும் நனைத்துவிட்டது.

அவர் டீ குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தோட்டத்துக்கு வந்தார். கையில் ஒரு கவர்.

“உன்மேல புகார் வந்திருக்கு, தம்பி. திங்கட்கிழமை பூசையில இருந்தியாம். முன் வரிசை.”

“திங்கட்கிழமை கதவுல நின்னேன். நீங்களே பார்த்தீங்க.”

“பார்த்தேன்.” கண்ணை மரங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார். “ஆனா ஒன்பது பேர் உன்னை அங்க பார்த்திருக்காங்க. பால்காரர், தபால் ஆபீஸ் பொண்ணு... எல்லாரும் உன்னை நல்லாத் தெரிஞ்சவங்க. விசாரணைன்னு ஒண்ணு வச்சுத்தான் ஆகணும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வாழ்க்கையில் நான் செய்யாத ஒரே நல்ல காரியத்துக்குத் தண்டனை.

நேரே மோயா வீட்டுக்குப் போனேன். மண்டபத்திலிருந்து அவர்கள் கோயில் நாலு மைல். கதவைத் திறந்தவள் என் தோளில் கை வைத்தாள். ஐந்து வருடத்தில் முதல் தடவை.

“வந்ததுக்கு நன்றிப்பா. அன்னைக்குச் சொல்ல முடியல.”

“எத்தனை மணிக்கு வந்தேன், அத்தை?”

“என்ன கேள்வி இது? எட்டு தாண்டி நாலஞ்சு நிமிஷம். சாமியார் ஆரம்பிச்சாச்சு. பக்கத்துல உக்காந்து என் கையைப் பிடிச்சிக்கிட்ட. விடவே இல்லை. அப்படி ஒரு சில்லிப்பு. நகமெல்லாம் மண்ணு. தோட்டத்துலேர்ந்து நேரா ஓடி வந்தியாக்கும்னு நினைச்சேன்.”

அலமாரிக்குப் போய் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்தாள்.

“எழுந்து போறப்போ இதை என் கையில வச்சு அழுத்தின. எதுக்குன்னு புரியல. மண்ணா இருந்துச்சு, கழுவி வச்சேன்.”

என் மோதிரம். உள்பக்கம் எங்கள் கல்யாணத் தேதி.

நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“பூசை முடியக்கூட விடல நீ. கடிகாரத்தைப் பார்த்தேன், எட்டு ஐம்பத்தாறுக்கு எழுந்துட்ட. நான் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். அப்ப என் காதுல ஒண்ணு சொன்னியே, அது என்னப்பா? நாலு நாளா அதையே நினைச்சிக்கிட்டு இருக்கேன்.”

“என்ன சொன்னேன்?”

“வெளியே மழையில ஒருத்தி நிக்கிறா... யாரும் கதவைத் திறக்கல... நான் போறேன்னு சொன்ன.”