இல்லாத கையின் பிடி

கனிசியஸ் குருநகர்க்காரன். கடல்தொழில். குடிப்பதில்லை. பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள். அவனுக்குத்தான் இது நடந்தது. நடுராத்திரியில் இல்லை, பட்டப்பகலில், மின்விசிறி சுழல்கிற அறையில், ஒரு செவ்வாய்க்கிழமை. இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

அதற்குப் பதினான்கு மாதங்களுக்கு முன்பு அவனுடைய படகு கவிழ்ந்தது. கூடப் போன ஜஸ்ரினின் கையை இவன் இடக்கையால் இறுக்கிப் பிடித்திருந்தான். படகுக்கும் கற்பாறைக்கும் நடுவே இவனுடைய இடக்கை நசிந்தது. நினைவு திரும்பியபோது முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஜஸ்ரினின் உடல் கிடைக்கவே இல்லை.

வெட்டி எடுத்த கை வலித்தது. இல்லாத விரல்கள் பொத்தியபடியே நின்றன. நகங்கள் உள்ளங்கையில் குத்துகிற வலி. தூக்கமில்லை, தொழிலுமில்லை. வலிக்குக் குளிசை போட்டு வயிறு புண்ணானதுதான் மிச்சம்.

ஆஸ்பத்திரியில் பிசியோ மிஸ் தர்சிகா இல்லாததைக் கண்முன்னே காட்டுகிற வீஆர் கண்ணாடியை அவனுக்கு மாட்டிவிட்டாள். இதே கருவியில்தான் விமானம் ஓட்டப் பழகுகிறார்கள், சத்திரசிகிச்சை பழகுகிறார்கள் என்று விளங்கப்படுத்தினாள்.

“உதிலை மீன் பிடிக்கவும் விடுவினமோ, மிஸ்? படகுக்கு மண்ணெண்ணெய் மிச்சம்.”

கண்ணாடிக்குள் ஒரு மேசை. மேசைமேல் இரண்டு கைகள். வலக்கை அசைந்தால் இடக்கையும் அசையும். மூளை ஏமாந்து இறுக்கத்தை விடும். அதுதான் வைத்தியம். அவன் பார்ப்பதைத் தர்சிகாவும் கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

10.40. வலக்கையை விரித்தான்.

இடக்கை விரியவில்லை.

திரையில் இரண்டும் விரிந்துதான் இருக்கின்றன என்றாள் தர்சிகா.

அவன் கண்முன்னே பொத்திய கை. நனைந்திருந்தது. தண்ணீர் மேசையில் சொட்டியது. டொக்... டொக்... கண்ணாடியில் சத்தம் வராது என்று அவள் முதலே சொல்லியிருந்தாள்.

10.44. பொத்திய கைக்குள் ஏதோ நெளிந்தது.

விரல்கள்.

குளிர்ந்த விரல்கள்... அவனுடையவை அல்ல.

“மிஸ்... ஆரோ பிடிச்சிருக்கினம்.”

“பயப்படாதேங்கோ அண்ணை. மெல்ல விடுங்கோ. விட்டால் நோவெல்லாம் போயிடும்.”

ஒரு விரலை எடுத்தான். இரண்டு...

உள்ளே இருந்த கை இன்னும் இறுக்கியது.

உயிர் போகிற வலி...

விட்டான்.

10.47.

வலி நின்றுவிட்டது. அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேசையில் தலைவைத்து அழுதான். வீட்டுக்குப் போய் நாலு மணிவரை குறட்டைவிட்டுத் தூங்கினான்.

எழும்பி வந்தபோது வாசல் படலையில் ஜஸ்ரினின் தாய் அற்புதராணி நின்றாள். அவன் ஆஸ்பத்திரிக்குப் போனது அவளுக்குத் தெரியாது. காலையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாளாம். பத்தே முக்கால் கழிய, காதுக்குள் மகனின் குரல்.

“‘அம்மா, அண்ணை கையை விட்டிட்டார்’ எண்டான்.”

அவனுடைய கை இல்லாத இடத்தையே அவள் பார்த்தாள்.

“இவ்வளவு நாளும் பிடிச்சுக்கொண்டோ இருந்தனி, தம்பி?”

திரும்பவும் பிடிக்க நினைத்து, கனிசியஸ் இல்லாத கையை மூடிப் பார்த்தான்.

மூடவில்லை.