நெருப்புக்கு ஆகாத பேய்

எங்கள் பக்கத்தில் ஒரு பேயை உண்டாக்கி உலவவிட்டவர் என் அப்பாதான். அதை அவர் விளையாட்டுக்குச் செய்யவில்லை. வேலைக்குத் தேவைப்பட்டது, செய்தார்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கும் பக்கம் போனால், சூளை எரிகிற கொட்டகைகளுக்கு நடுவே எரியாத கொட்டகைகளும் நிற்கும். அப்படி மூடிப்போன ஒன்றுக்கு அப்பா காவல். கடைசியாக வார்த்த பொம்மைகளை அங்கிருந்து யாரும் எடுத்துப் போகவில்லை. ஒரு தடவை மட்டும் சுட்ட, பளபளப்பும் வண்ணமும் ஏறாத வெள்ளைப் பொம்மைகள் சுவரோரப் பலகைகளில் கூரை வரை அடுக்கியிருந்தன. பொம்மைக்குக் கண் வைப்பது எல்லா வேலையும் முடிந்த பிறகுதான். அது நடக்காததால், கண் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாவற்றுக்கும் வழவழவென்று ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. அவை பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உள்ளே நுழையும்போது பாவாடையை இழுத்துச் சரிசெய்துகொள்வேன்.

மழைக்காலத்தில் அந்தக் கொட்டகைக்கு வண்டிகள் வரும். கொட்டகை முதலாளிக்குக் கடற்கரையில் இருந்த ஒரு விடுதியில் பங்கு இருந்தது. கோல்ஃப் மைதானத்தில் ஓடுமே, கதவில்லாத பேட்டரி வண்டி, அதில்தான் அங்கே விருந்தாளிகளை ஏற்றிச் சுற்றுவார்களாம். மழை பிடித்துவிட்டால் விடுதியில் ஆள் கிடையாது. உப்புக் காற்றில் நிறுத்தினால் வண்டி கெட்டுவிடும் என்று புரட்டாசியில் லாரி ஏற்றி எங்கள் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். தை போன பிறகுதான் திரும்பப் போகும். அதுவரை அவை வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, கண்ணில்லாத பொம்மைகளுக்கு எதிரே வரிசையாக நிற்கும்.

சும்மா நிற்கிற வண்டிக்கு என்ன வேலை என்று எல்லோரும் கேட்பார்கள். ஓடுகிற பேட்டரியைவிட நிற்கிற பேட்டரிக்குத்தான் அதிக கவனம் வேண்டும். அப்பா முதலில் இணைப்பைக் கழற்றுவார். முனைகளில் பூத்திருக்கும் பச்சைப் பொடியைச் சோடா உப்பு கரைத்த நீரால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, வாசலின் தடவுவார். பிறகு சீட்டைத் தூக்கி, பேட்டரியின் மூடிகளைத் திருகி எடுத்து, ரப்பர் குமிழ் வைத்த ஒரு கண்ணாடிக் குழாயால் உள்ளே இருக்கும் ஆசிட்டைக் கொஞ்சம் உறிஞ்சுவார். குழாய்க்குள் ஒரு மிதவை மிதக்கும். அது பச்சைக் கோட்டில் நின்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது. சிவப்புக்கு இறங்கினால் சார்ஜ் ஏற்ற வேண்டும். அப்படியே விட்டால் பேட்டரிக்குள் இருக்கும் அந்த அறை, செல் என்பார்கள், செத்துவிடும். குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கும்போது அப்பா மூச்சை அடக்கிக்கொள்வார். நானும் வாசலில் நின்றபடி அடக்கிக்கொள்வேன்.

ஆனால் சார்ஜ் ஏறும்போது என்னை வாசலில்கூட நிற்கவிடமாட்டார். அதற்குக் காரணம் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. சார்ஜ் ஏறுகிற பேட்டரி ஒருவிதமான வாயுவை விடும். அது கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தட்டுப்படாது. கதவு திறந்திருந்தால் காற்றோடு போய்விடும். மூடிய இடத்தில் சேர்ந்துகொண்டால் ஒரு தீக்குச்சி போதும், பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் அடிக்கும். வண்டிகளோடு வந்த மெக்கானிக் இதை அப்பாவிடம் சொல்லியிருந்தார். அவருக்குத் தாடையிலிருந்து கழுத்து வரை தோல் வெந்து சுருங்கியிருந்ததால், அப்பா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

அப்பாவுக்குத் தொல்லை, எதிர்க் கொட்டகை ஆட்களால் வந்தது. மழை வந்தால் எங்கள் கொட்டகையில் ஒதுங்குவார்கள். ஒதுங்கினால் பீடி பற்றவைப்பார்கள். அப்பா பேட்டரியைக் காட்டி எச்சரித்தால் சிரிப்பார்கள்.

"எங்க வூட்டு டிராக்டர்லயும்தான் பேட்டரி இருக்குது. அதுமேல குந்தியே பீடி குடிக்கிறேன். இன்னா ஆயிடுச்சு?"

அப்பா இரண்டொரு நாள் யோசித்தார். பிறகு ஒரு மழைநாளில், ரொம்பத் தயங்குகிறவர் போல, அவர்களிடம் சொன்னார்: "உள்ள ஒண்ணு இருக்குதுங்க. சூளைல வெந்து செத்தவன். நெருப்பக் கண்டா அதுக்கு ஆவாது."

அவ்வளவுதான். அதன்பிறகு அங்கே ஒருவரும் பீடி பற்றவைக்கவில்லை. ஒதுங்கவே வரவில்லை. உண்மைக்குச் சிரித்தவர்கள் பொய்க்கு மரியாதை கொடுத்தார்கள்.

அப்போது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் புத்தகத்தைப் பிரித்துப் படித்த முதல் ஆள் நான்தான் என்பதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மா சொல்வார். எனக்கும் அந்தப் பெருமை தலைக்கு ஏறியிருந்தது. பேய் கிடையாது என்று எங்கள் அறிவியல் டீச்சர் சொல்லியிருந்தார், நானும் நம்பினேன். ஆனால் சார்ஜ் ஏறும்போது கொட்டகைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். பல பேர் ஒன்றாக உட்கார்ந்து, வாய்க்குள் எச்சில் நுரைக்க, எதையோ முணுமுணுப்பது போல. கூடவே அழுகின முட்டையின் நாற்றமும் சில நாள் வரும். அதைப் பற்றி டீச்சர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து அத்தை வந்திருந்தார். அப்பாவுக்கு அக்கா. யாருக்கும் பயப்படாதவர் என்று பெயர் எடுத்தவர். பேய்க்கதை அவர் ஊர் வரைக்கும் போயிருந்தது.

"ஏன்டா தம்பி, போயும் போயும் பேய்க்குக் காவக்காரனா ஆயிட்டியா?" என்று வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"அது பாட்டுக்கு அது இருக்குது, நம்ம பாட்டுக்கு நாம இருக்குறோம். வுடுக்கா."

அத்தை விடவில்லை என்பது எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

பூஜைக்கு முந்திய நாட்களில் கரண்ட் சரியாக இல்லை. மிதவைகள் சிவப்பில் நின்றன. பூஜையன்று காலையில் கரண்ட் வந்ததும் அப்பா எல்லா வண்டிகளின் சீட்டையும் தூக்கிவைத்து சார்ஜ் போட்டுவிட்டார். பூசணிக்காயும் பொரியும் வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பும்போது, கொட்டகையின் பக்கவாட்டுத் தகரத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த அத்தையிடமும் என்னிடமும் சொன்னார்: "ஷட்டர மூடாதீங்க. உள்ள போவாதீங்க. வண்டி நனையாம பாத்துக்குங்க. நான் போயிட்டு வரேன்."

அவர் சைக்கிள் தெரு முனையைத் தாண்டியதும் மழை பிடித்தது. கொஞ்ச நேரத்தில் காற்றும் சேர்ந்துகொண்டு, சாரல் நேராக உள்ளே அடித்தது. முதல் வண்டியின் போர்வை நனைந்து, உள்ளிருக்கும் உருவத்தோடு ஒட்டிக்கொண்டது.

அத்தை எழுந்தார். "நனையக் கூடாதுன்னான். மூடவும் கூடாதுங்கறான். தண்ணி பட்டா கரண்ட் அடிக்குமேடி," என்று சொல்லிக்கொண்டே ஷட்டரை இழுத்துத் தரை வரைக்கும் விட்டார். அவர் செய்தது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

தாழ்வாரத்திலும் சாரல் அடிக்க, பக்கவாட்டுச் சின்னக் கதவு வழியாக நாங்கள் உள்ளே போனோம். அத்தை அதையும் சாத்தினார். மழைச் சத்தம் சட்டென்று தூரமாகிவிட்டது. அதற்குப் பதிலாக மற்ற சத்தம் பெரிதாகக் கேட்டது. எல்லா வண்டியிலிருந்தும் ஒரே நேரத்தில் அந்த முணுமுணுப்பு. சார்ஜர்களின் சின்னச் சிவப்பு விளக்குகள் மட்டும் எரிந்தன. அந்த வெளிச்சத்தில் பொம்மைகளின் கண்பள்ளங்கள் சிவந்திருந்தன. சீட்டைத் தூக்கி வைத்திருந்ததால் ஒவ்வொரு வண்டியும் துணிக்கடியில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது போல இருந்தது.

"கேக்குதாடி?" என்றார் அத்தை.

தலையாட்டினேன்.

"உங்கப்பன் இத்தோட எப்படித்தான் குடும்பம் நடத்தறானோ." இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். அதில் கற்பூரமும் தீப்பெட்டியும் இருந்தன. பூஜைக்கென்று கொண்டு வந்திருந்த தட்டில் கற்பூரத்தை வைத்து என் கையில் கொடுத்தார். "நெருப்பக் கண்டா ஆவாதுன்னு அவனே சொல்றான். அப்புறம் நெருப்பக் காட்டாம வேற என்னத்தக் காட்டறது? இன்னியோட தொரத்திடலாம். கெட்டியா புடி."

அவர் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அப்பா சொன்ன பொய்யை நம்பினால், செய்ய வேண்டியது அதுதான்.

சத்தம் அதிகமாக வருகிற வண்டியாகப் பார்த்து அத்தை போர்வையை விலக்கினார். திறந்த சீட்டுக்கடியில் பேட்டரிகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றின் மேல் தட்டை நீட்டச் சொன்னார். நீட்டினேன். அந்த இடத்தில் காற்று வெதுவெதுவென்று, தூங்குகிறவர் மூச்சு மாதிரி என் முழங்கையில் பட்டது. எனக்குத் தொண்டை அரித்தது. ஆனால் பூஜைத் தட்டைப் பிடிக்கிற மரியாதை எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. அசையாமல் நின்றேன்.

முதல் குச்சி முறிந்தது. இரண்டாவது குச்சியின் மருந்து கரைந்து பெட்டியில் பழுப்பாக ஒரு கோடு இழுத்தது. நமத்துப் போயிருந்தது.

"பாத்தியா? பத்தவே வுடல," என்றார் அத்தை. குரல் இறங்கிவிட்டது. யாருக்கும் பயப்படாத அத்தை பயந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஆனால் அவர் நிறுத்தவில்லை. ஒரு குச்சியை எடுத்துத் தலைமயிரில் தேய்த்துச் சூடேற்றத் தொடங்கினார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். முணுமுணுப்பும் ஒரு கணம் நின்று எங்களைக் கவனித்தது போலத் தோன்றியது.

சின்னக் கதவு திறந்தது. வாசலில் அப்பா நின்றார். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. ஷட்டர் இறங்கியிருப்பதைத் தூரத்திலேயே பார்த்து, சைக்கிளைப் பூசணிக்காயோடு சேற்றில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். ஆனால் உள்ளே வந்ததும் ஓடவில்லை. கத்தவும் இல்லை. தூங்குகிற நாயைத் தாண்டுகிறவர் மாதிரி அடிமேல் அடி வைத்து வந்து, தீப்பெட்டி, குச்சி எல்லாவற்றோடும் சேர்த்து அத்தையின் கையை ஈரக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா. வெளிய வா."

"இருடா, இன்னும் ஒரே ஒரு..."

"வெளிய வாக்கா."

அப்பாவிடமிருந்து அப்படி ஒரு குரல் அதற்கு முன் வந்ததில்லை. அத்தை நடந்தார். தட்டோடு நானும் நடந்தேன். எங்களை எதிர்க் கொட்டகை வாசல்வரை மழையில் கூட்டிப்போய் நிறுத்திவிட்டு, அப்பா மட்டும் திரும்பிப் போனார். வெளிச்சுவரில் இருந்த மெயின் சுவிட்சை நிறுத்தினார். பிறகு ஷட்டரைத் தூக்கினார். எப்போதும் ஒரே மூச்சில் தடதடவென்று தூக்குகிறவர், அன்றைக்கு இரும்பும் இரும்பும் உரசக்கூட அஞ்சுகிறவர் போல, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார். சாரல் உள்ளே அடித்தது, வண்டிகள் நனைந்தன. அப்பா அதைக் கண்டுகொள்ளவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு கையால் வாசல் தூணைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.

"ஏன்டா, இன்னா ஆச்சு?" என்றார் அத்தை, அவர் வந்ததும்.

பேட்டரி, வாயு, மெக்கானிக்கின் கழுத்து எல்லாம் அப்பாவின் வாய்வரைக்கும் வந்திருக்கும். ஆனால் பீடிக்காரர்கள் எதிர்க் கொட்டகையில் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்கு உள்ள காட்டக் கூடாதுக்கா. கோவம் வந்துடும். வெளிய, எட்டக்க காட்டணும்."

"அத முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னா?" என்றார் அத்தை. எதிர்க் கொட்டகைக்காரர் ஒருவர் பயபக்தியோடு காய்ந்த தீப்பெட்டி கொடுத்தார். தெருவுக்கு இந்தப் பக்கம் நின்று கற்பூரம் காட்டினோம். பேய் அன்று முதல் பாதி சாமி ஆகிவிட்டது. இப்போதும் ஆயுத பூஜைக்கு அந்த இடத்தில் யாரோ கற்பூரம் ஏற்றுகிறார்கள் என்று கேள்வி.

அன்று சாயங்காலம் வீட்டில் பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். அப்பா வாங்கிக்கொள்ளவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தை, கழுத்தை, முழங்கையை. எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. இவ்வளவு வளர்ந்த மனுஷர், தானே கட்டிவிட்ட கதைக்குத் தானே இப்படி நடுங்குகிறாரே என்று. படித்தவள் என்ற முறையில் அவருக்குத் தைரியம் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைத்து, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பேயெல்லாம் கிடையாதுப்பா. புக்குலயே போட்டிருக்குது. அங்க ஒண்ணுமே இல்ல. பயப்படாதீங்க."

அப்பா சரியென்று தலையாட்டினார். பிறகு என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் கைகள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் குறைந்தது. என் பேச்சு வேலை செய்கிறது என்று எண்ணி, அதையே இன்னொரு தடவை, இன்னும் விளக்கமாக, அவருக்குச் சொன்னேன்.