தொடைக்கு வைத்த குறி

போன வாரம் சிக்கந்தர் பாய் எங்கள் கடைக்குள் நொண்டிக்கொண்டே வந்தார். பின்னால் அவருடைய அர்பாப், அதாவது முதலாளி.

வளைகுடாவில் எனக்கு என்னதான் வேலை என்று அடிக்கடி கேட்கிறீர்கள். ஷார்ஜாவில், வேட்டைச் சாமான் விற்கிற கடையில் சேல்ஸ்மேன். தோட்டா விற்கிறேன் — ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை! பிழைப்பு அப்படி.

அர்பாப் வருஷா வருஷம் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போவார். கீழக்கரைக்காரரான பாய் அவர் வீட்டுச் சமையல்காரர். காட்டுக்கும் கூடவே போவார். அங்கே அவருக்கு இன்னொரு டியூட்டியும் உண்டு. சூடுபட்ட மிருகம் சாவதற்குள் கத்தியோடு ஓடிப்போய் ஹலாலாக அறுக்க வேண்டும்.

பெரிய மிருகத்துக்கு, உள்ளே போய் விரிகிற கனமான தோட்டாதான் சரி. குறி, முன்னங்காலுக்கு நேர் மேலே — இதயத்தில். சட்டென்று முடிந்துவிடும். அர்பாப் வாங்குவதோ விரியாத, சின்னத் தோட்டா. சுடுவது பின்தொடையில். மிருகம் விழும்... ஆனால் உயிர் இருக்கும்.

உயிர் இருந்தால் கொம்புக்கும் வேலை இருக்கும் அல்லவா?

போன சீசனில், மாட்டைவிடப் பெரிய ஒரு மான். விழுந்து கிடந்தது, பாய் கிட்டே போனதும் எழுந்துவிட்டது. கொம்பு அவர் தொடையில் இறங்கியது. ஊரில் இருக்கும் மனைவியிடம், கிச்சனில் வழுக்கி விழுந்ததாக டெலிபோன் கார்டு போட்டுப் பொய் சொல்லியிருக்கிறார்.

இப்போது மறுபடியும் பயணம். அர்பாப் அதே சின்னத் தோட்டாப் பெட்டியைக் கேட்டார். பாய் என் பக்கம் நகர்ந்து வந்தார்.

"அண்ணே, அந்தப் பெரிய தோட்டாவ எடுத்துக் காட்டுங்கண்ணே. எந்திரிச்சா இந்தத் தடவ என்னால ஓட முடியாது."

"நீங்களே சொல்லலாமே, பாய்?"

"உயிரோட அறுக்கணும்னு அவுக மார்க்கப் பேணுதலா செய்றாக. அதப் போயி நான் வேணாம்னு சொல்லலாமா?"

வந்தவர் கேட்டதை எடுத்துக் கொடுப்பதுதான் சேல்ஸ்மேனுக்கு அழகு. ஆனால் அந்தக் காலைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெரிய தோட்டாவை எடுத்து மேஜையில் வைத்தேன். தெரிந்த அரபியும் உருதுவும் கலந்து கேட்டேன்: "அர்பாப், இதயத்தில் சுட்டால் என்ன? இவரால் ஓட முடியாது."

அவர் முறைத்தார். "எனக்கென்ன? பிஸ்மில்லாஹ் என்று அல்லாஹ் பெயரைச் சொல்லித்தான் சுடுகிறேன். அங்கேயே செத்தாலும் எனக்கு ஹலால்தான். இவனுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. முதல் தடவை வந்தபோது, கத்தி படாத கறி வேண்டாம் என்று வெறும் ரொட்டியைத் தின்றான். எங்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்டவன்! அன்றைக்குப் பிறகுதான் தொடையில் சுடுகிறேன்."



"எனக்காகவா?" என்றார் பாய். தமிழில் கேட்கிறோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

அர்பாப் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் சொல்லவில்லை?" என்றார். குரல் இறங்கிவிட்டது. பாய்க்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

காட்டில் ஒரே சஹனில், ஒரே பெரிய தட்டில், கை நனைக்கிறவர்கள். ஒருவர் மனசை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடந்தவர்கள். வாய்விட்டுக் கேட்கத்தான் இல்லை. நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? அவருக்குப் பிடிக்கும் என்று இவளும், இவளுக்குப் பிடிக்கும் என்று அவரும்...

ஆனால் அந்த மான்களை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. இரண்டு நல்ல மனசுகளுக்கு நடுவே அவை துடித்துத் துடித்துச் செத்திருக்கின்றன.

அர்பாப் பழைய பெட்டியை என் பக்கம் தள்ளினார். "கலாஸ், முடிந்தது. இனி இதயத்தில்தான்."

போகும்போது பாய் கதவருகே நின்று திரும்பினார்.

"அண்ணே, இந்தத் தடவ பருப்பு கட்டிக்கிட்டுப் போறேன். கறிய அவுக தின்னட்டும்."