ஐயாவுக்கு எடுத்து வைத்த பங்கு

சண்டைக் காலத்தில் ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமை போட ஆரம்பித்தபோது, இலஞ்சியில் எங்கள் தெருவில் அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. சிலர் குருணையாக உடைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். சிலர் மாட்டுக்கு வைத்தார்கள். எங்கள் வீட்டில் அது ஒரு பானையில் வண்டு பிடித்துக் கிடந்தது. எனக்கு மட்டும் அதை என்ன செய்வதென்று தெரியும். அன்றைக்கு அதில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கற்றவள் நான் ஒருத்திதான். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி எட்டாம் வகுப்பு தேறியிருந்தேன். அங்கே ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா சனிக்கிழமைகளில் சமையல் சொல்லிக்கொடுப்பார். கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, அப்பளம்போல் தேய்த்து, நாடா நாடாவாக வெட்டி உலர்த்த வேண்டும். பிறகு உப்புப் போட்ட கொதிநீரில் வேகவைத்து வடித்து, வதக்கிய காய்கறியோடு கிளற வேண்டும். இத்தாலிக்காரர்கள் சோற்றுக்குப் பதிலாகத் தின்பது இதைத்தான் என்று அவர் சொன்னார். நான் அதை நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

அந்த ஆனி மாதம் நான் வீட்டில் இருந்தேன். என் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. ஆசிரியைப் பயிற்சிக்குச் சேர்வதற்கான விண்ணப்பம் அது. எல்லா இடத்திலும் நானே எழுதி நிரப்பிவிட்டேன். தகப்பனார் சம்மதம் என்ற இடம்தான் காலி. அங்கே ஐயாவின் கைநாட்டு வேண்டும். கேட்டபோதெல்லாம் அவர், "பாப்போம்" என்றார். கணவனை இழந்து எங்களோடு இருந்த அத்தை, ஐயாவுக்கு மூத்தவள், அவர் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே இருந்தாள். எட்டு வருஷம் படித்தவளுக்கு ஒரு உலை வைக்கத் துப்பில்லை, இன்னும் படித்தால் எவன் வீட்டு அடுப்புக்கு உதவுவாள் என்று. அம்மா மட்டும் என் பக்கம். அவள் வாதாட மாட்டாள். ஐயாவுக்குச் சோறு போடும்போது, "பிள்ள ஆசப்படுதா" என்று ஒரு வார்த்தை சொல்லுவாள், அவ்வளவுதான்.

ஒரு நாள் ராச்சாப்பாட்டை நானே சமைக்கிறேன் என்று சொன்னேன். ஐயா அதைச் சாப்பிட்டு எழுந்த கையோடு தாளை நீட்டிவிட வேண்டும் என்பது என் கணக்கு.

அம்மா காலையிலேயே கோதுமையைப் புடைத்துத் திருகையில் அரைத்துக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் சப்பாத்திப் பலகை ஏது? மணையைக் கவிழ்த்துப் போட்டு, அம்மிக் குழவியைக் கழுவித் துடைத்து அதனால் தேய்த்தேன். வெட்டிய நாடாக்களை ஐயாவின் வெளுத்த வேட்டியில் பரப்பினேன். குற்றாலத்தில் அருவி விழுந்துகொண்டிருந்த நேரம்; சாரல் எங்கள் தெருவரைக்கும் வந்து எதையும் உலரவிடவில்லை. அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, வேட்டியை அதன்மேல் விரித்து, விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஏன் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கத்தரிக்காய், அவரைக்காய், தென்காசிச் சந்தையில் வாங்கிய சீமைத் தக்காளி, சின்ன வெங்காயம், பூண்டு. தேங்காய் எண்ணெயில் வதக்கி மிளகு தட்டிப் போட்டேன். வாசனை நன்றாகவே இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஐயா வரவில்லை. கால்வாயில் எங்கள் வயலுக்கான தண்ணீர் முறை ஒரு நாள் முந்தி வந்துவிட்டது, மடையை விட்டு நகர முடியாது, காலையில்தான் வருவேன் என்று வழிப்போக்கர் ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

மற்றவர்களுக்குப் பரிமாறினேன். அத்தை இலையைக் குனிந்து பார்த்தாள்.

"ஏளா, பாவாட நாடாவ உருவி அவிச்சு வச்சிருக்கியே. இனி பாவாடைய எதக் கொண்டு கெட்டுவ?"

தங்கை சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது. ஆனால் அத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அம்மா கடைசியில் உட்கார்ந்து, ஒரு நாடாவை விரலில் தூக்கிப் பார்த்து, மெதுவாக மென்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. உங்கய்யாவுக்குப் பிடிக்கும்."

ஐயாவின் பங்கை எடுத்து வைத்தேன். நாடாவை ஒரு சட்டியிலும் காயை ஒரு சட்டியிலும் தனித்தனியாக மூடினேன். காலையில் எண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டிக் கலந்தால் புதிதாகச் செய்ததுபோல் இருக்கும் என்று மிஸ்ஸியம்மா சொல்லியிருந்தார். நான் அதை யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. நோட்டில் இருப்பது எனக்குத் தெரிந்தால் போதாதா? போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் மடையிலிருந்து ஐயா சேறும் ஈரமுமாக வந்து, பின்வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் சட்டியைத் திறந்தேன். உள்ளே வெள்ளையாக, கொழகொழவென்று, சுவரொட்டி ஒட்டுகிற பசை மாதிரி ஒன்று விளிம்புவரை ஊதி நின்றது. நாடா என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

அம்மா தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள். எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் அவள் படுப்பாள். வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் அவள் தவறாமல் செய்தது அது. வடித்தது எதுவானாலும் அவளுக்குச் சோறுதான். காலையில் வயலிலிருந்து வருகிற மனிதனுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஊற்றியிருக்கிறாள். காய்ச்சட்டியில் அவள் கை வைக்கவில்லை.

"கெட்டுப் போயிரக்கூடாதேன்னு ஊத்துனேன்" என்றாள். அவள் முகத்தில் ஒரு குழப்பம்தான் இருந்தது, பயம் இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

"மாட்டுக்கு இருக்க புத்திகூட உனக்குக் கிடையாதா? எழுத்துத் தெரியாதவங்க கையில ஒண்ணக் குடுத்தா இப்படித்தான் ஆவும்" என்றேன்.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் கோபம் என்று விட்டிருப்பார்கள். வகுப்பில் மந்தமான பிள்ளையைப் பார்த்துச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னேன்.

ஐயா பின்வாசலில் நின்றார். அவரும் எழுத்துத் தெரியாதவர்தான். அது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவர் உள்ளே வந்து தட்டின்முன் உட்கார்ந்தார். அந்தச் சட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அம்மா வேறு ஏதாவது செய்து தருகிறேன் என்றாள். அவர் கையை நீட்டிச் சட்டியை வாங்கி, உப்புப் போட்டுக் கரைத்து, ஒரு பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு பாதியைக் குடித்தார். வதக்கிய காயை அவர் கேட்கவில்லை, நான் வைக்கவும் இல்லை. மீதிப் பாதியை அம்மாவின் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தார்.

அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை. அத்தையைப் பார்த்துச் சொன்னார்.

"பெத்தவளுக்கு ஒண்ணச் சொல்லிக் குடுக்கத் தெரியல. ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போறா?"



தாளை அனுப்ப இன்னும் ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளும் அம்மா, சோறு போடும்போது, "சின்னப்பிள்ள, தெரியாம பேசிட்டா" என்று ஐயாவிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அம்மாவிடம் நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டு, அது அவர் காதில் விழுந்திருந்தால், ஒருவேளை விரலை நீட்டியிருப்பார். எனக்கு அது தெரிந்திருந்தது. காலையில் கேட்கலாம், சாயங்காலம் கேட்கலாம் என்று ஐந்து நாளும் வாய்வரைக்கும் வந்தது. தப்பு செய்தவள் அவள், நான் ஏன் கேட்க வேண்டும் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் தபால்காரர் எங்கள் தெருவைத் தாண்டிப் போனார். தாள் பெட்டிக்குள்ளேயே இருந்தது. சாரல் ஈரத்தில் என் எழுத்து கொஞ்சம் ஊறியிருந்தது.

அடுத்த மாதம் ரேஷனில் மறுபடியும் கோதுமை போட்டார்கள். அம்மா அதைப் புடைத்துக் கல் பொறுக்கி, அரைத்து, மாவை என் முன்னால் வைத்தாள். மணையையும் அவளே கவிழ்த்துப் போட்டாள். குழவி கழுவி இருந்தது.

"அத எப்படித் தேக்கணும், எப்படி வெட்டணும்னு எனக்குச் சொல்லித் தா. இந்த மட்டம் தண்ணி ஊத்த மாட்டேன்" என்றாள்.

நான் மாவில் கை வைத்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முதலில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

அன்றைக்கு ராத்திரி அந்த மாவில் அவள் கஞ்சி காய்ச்சினாள். எல்லோரும் குடித்தோம்.