கொடியில் படிந்த வெள்ளை

மகள் பிறந்து மூன்றாம் மாதம் என் முகத்தில் மங்கு விழுந்தது. இரண்டு கன்னங்களிலும் கருமை படர்ந்து, கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் யாரோ அடித்துவிட்டுப் போனது போலிருந்தது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பலருக்கும் வருவதுதான், போகப் போகக் குறையும் என்று கிளினிக்கில் மிட்வைஃப் சொன்னார். அவருக்கென்ன, அவருடைய முகம் பளபளவென்று இருந்தது. எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே இல்லை. லண்டனில் இருக்கும் அக்காவுக்கு வீடியோவில் முகத்தைக் காட்டி அழுதேன்.

அக்கா அடுத்து அனுப்பிய பெட்டியில், சொக்கலேற்றுக்கும் பிள்ளைச் சட்டைகளுக்கும் நடுவில், முகம் வெளுக்கும் கிறீம் வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை. அக்கராயனில் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டில் கேட்டாலும் அப்படித்தான். கிளிநொச்சிக் கடையில் ஒரு சவர்க்காரம் வாங்கினால்கூடத் திகதி பார்த்து, மணந்து பார்த்து, கடைக்காரரின் பொறுமையையும் சோதித்துவிட்டு வாங்குகிறவள் நான். பெட்டியில் வந்த எதையும் அப்படிப் புரட்டிப் பார்த்ததில்லை. வெள்ளைக்காரன் நாட்டில் கண்டதையும் விற்க விடுவார்களா என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த சட்டம். அக்கா அதை ஒரு சிறிய கடையில், கேட்பவர்களுக்கு மட்டும் மேசைக்குக் கீழிருந்து எடுத்துக் கொடுக்கும் சாமானாக வாங்கியிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

கிறீம் நன்றாகவே வேலை செய்தது. சில கிழமைகளில் மங்கு போய், முகம் ஒரு நிறமும் கழுத்து ஒரு நிறமுமாக வந்தது. மாமி, என் கணவரின் அம்மா, எங்களோடுதான் இருக்கிறார். என்னைப் பார்த்துக் கொடுப்புக்குள் சிரித்தார். ரோசம் வந்து கழுத்துக்கும் சேர்த்துப் பூசத் தொடங்கினேன்.

என் கணவருக்கு மிதிவெடி அகற்றும் வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பரந்தன் சந்திக்குப் போய், அங்கிருந்து அவர்களுடைய வாகனத்தில் பளைப் பக்கம் போவார். அங்கே எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. முகக் கவசம் இல்லாமல் நிலத்தில் கால் வைக்க முடியாது. கைத்தொலைபேசியை வெளியிலேயே கொடுத்துவிட வேண்டும். நித்திரை இல்லாதவனும் வீட்டில் சண்டை பிடித்துவிட்டு வந்தவனும் அன்றைக்கு இறங்கக் கூடாது. மனம் வேறு எங்காவது போனால் கையும் போகும் என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் காலைச் சண்டை என்ற ஒன்று நடந்ததில்லை. எவ்வளவு கோபமென்றாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னேரத்துக்கு எடுத்து வைப்பேன்.

ஒருநாள் குளிக்கும்போதுதான் தாலிக்கொடியைக் கவனித்தேன். கழுத்தோடு உரசுகிற பக்கம் முழுக்க வெளுத்துப்போய், தங்கத்தின் மேல் வெள்ளியைப் பூசியது போல இருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். தாலியின் பின்புறமும் அப்படித்தான் இருந்தது. எதற்கும் போகவில்லை.

தாலி என்றால் கட்டியவரின் உயிர் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், விஞ்ஞான பாடமும் எடுத்திருக்கிறேன், இதையெல்லாம் நம்பக் கூடாது என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? தினமும் மிதிவெடிக்கு முன்னால் முழங்காலில் இருக்கிற மனிதர் கட்டிய தாலி வெளுத்தால் எந்த விஞ்ஞானம் கைகொடுக்கும்? பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டு கிளிநொச்சி ரவுண் நகைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, பவுண் நல்ல பவுண்தான், சிலருடைய உடம்புச் சூடு அப்படி, கழற்றித் தந்தால் நெருப்பில் காட்டி நிறத்தை எடுத்துவிடலாம் என்றார். கழற்றுவதா? கேட்ட கையோடு கதிரையை விட்டு எழும்பி வந்துவிட்டேன்.

என் கணவருக்கு இதைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த நினைப்போடு நிலத்தில் இறங்குவார் என்ற பயம். கழுத்து மூடிய சட்டைகளாகப் போட்டுக்கொண்டேன். பிள்ளையார் கோயிலில் அவருடைய நட்சத்திரத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் அர்ச்சனை செய்தேன். பின்னேரமானால் வாசல் படலையடியில் கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பேன். முகத்தில் கவலை ஏறியது, நிறம் கெட்டுவிடுமென்று கிறீமை இன்னும் கொஞ்சம் கூடப் பூசினேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே இரண்டு போடலாம் போலிருக்கிறது.

அந்த நாட்களில்தான் மகளுக்குப் பல் முளைக்கத் தொடங்கியது. பல் முரசு தினவெடுத்து, கையில் அகப்பட்டதையெல்லாம் கடிப்பாள். பால் குடித்து முடித்ததும் என் சட்டைக்குள் கையை விட்டுக் கொடியை இழுத்து வாயில் வைத்துக்கொள்வாள். சப்பிச் சப்பி அப்படியே என் கழுத்தில் முகத்தைப் புதைத்து நித்திரையாகிவிடுவாள். அதைவிட வடிவான காட்சி உலகத்தில் இல்லை என்று எனக்குப் பட்டது.

அவருக்கு லீவு நாள் ஒன்றில், நான் முற்றத்தில் பிள்ளையை மடியில் வைத்திருந்தேன். பிள்ளை கொடியை வெளியே இழுத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"கொடி ஏன் இப்பிடி வெளுத்துக் கிடக்குது?"

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். வெளுத்ததைக் கண்டது, நகைக்கடைக்குப் போனது, அர்ச்சனை செய்தது, அவருக்கு ஏதும் ஆகிவிடுமென்று பயந்தது. அவர் பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுக் கொடியை மெதுவாக வெளியே எடுத்தார்.

"என்ர கதையை விடும். இது பிள்ளையின்ர வாய்க்குள்ளை போய் வருது."

அதுவரை எனக்கு அது தோன்றவேயில்லை. அவருடைய உயிரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவள், அந்தக் கொடி யாருடைய வாயில் கிடக்கிறது என்று பார்க்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கழுத்தில் என்னென்ன படுகிறது என்று வரிசையாகக் கேட்டார். சவர்க்காரம் பழையது, பவுடர் பழையது, புதிதாக வந்தது கிறீம் மட்டும்தான். அதன் மட்டைப்பெட்டி அலுமாரிக்கு மேலே கிடந்தது. உள்ளே மடித்து மடித்து வைத்த ஒரு துண்டுத்தாள் இருந்தது. நான் அதைப் பிரித்ததே இல்லை. எச்சரிக்கை என்று எங்கே கண்டாலும் நின்று வாசிப்பது அவருடைய வேலையில் வந்த பழக்கம். ஆங்கிலத்தில் பொடி எழுத்துகள். தங்க, வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று ஒரு வரி. சேர்மானங்களில் கலோமெல் என்று ஒரு சொல். செய்தவரின் பெயரோ முகவரியோ எங்கும் இல்லை.

கலோமெல் என்பது பாதரச உப்பு என்று போனில் தேடியதும் வந்தது. தோல் வழியாக உடம்புக்குள் போகும், சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். பூசுகிறவரோடு நிற்காது. கையாலும் துவாயாலும் தலையணை உறையாலும் வீட்டில் மற்றவர்களுக்கும் போகும். குழந்தைகளுக்குத்தான் அதிகக் கெடுதல். நகை கெட்டுவிடும் என்று அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பிள்ளையைப் பற்றி ஒரு வரி எழுத மனம் வரவில்லை. அவர்கள் முன்னால் நின்றிருந்தால் அந்தப் போத்தலையே அவர்கள் வாயில் திணித்திருப்பேன்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் என் இரத்தமும் சிறுநீரும், பிள்ளையினதும் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை தாய்ப்பாலை நிறுத்தி மாப்பால் கொடுக்கச் சொன்னார். தலையணை உறை, துவாய் எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும். கொடியைக் கழற்றிக் கட்டி வைக்க வேண்டும், நெருப்பில் மட்டும் காட்டக் கூடாது, புகையாக எழும்பினால் அது இன்னும் கெடுதல் என்றார். அந்த நகைக்கடைக்காரர் அதைத்தான் எவ்வளவு நல்ல மனதோடு கேட்டார்.

மிச்சமிருந்த கிறீமைச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். பாதரசம் போட்டு விற்க இங்கே சட்டம் விடாது, போத்தலில் செய்தவரின் விபரமும் பதிவும் இருக்க வேண்டும் என்று விளக்கினார். அப்படியானால் இது எப்படி என் வீட்டுக்கு வந்தது என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

"கடையில விக்கிறதைப் பிடிக்கலாம், தங்கச்சி. அன்பில அனுப்புறதை நாங்கள் எங்கை நிண்டு பிடிக்கிறது?"

அக்காவுக்குப் போன் எடுத்து, அவளும் அதைப் பூசுகிறாள் என்றால் உடனே நிறுத்தச் சொன்னேன். அவள் அழத் தொடங்கினாள். அவளைத் தேற்ற எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை.

கொடியைக் கழற்றுவதுதான் மிச்சம். மாமி முடியவே முடியாதென்றார். அவன் எங்கே போகிறவன் என்று தெரிந்துகொண்டா கழற்றப்போகிறாய் என்று கேட்டார். அவருக்குக் கோபமில்லை, பயம். எனக்கும் அதே பயம்தான். அதனால் அவரோடு வாதாடக்கூட என்னால் முடியவில்லை. தாலி ஒன்றும் தன்னைக் காப்பாற்றுவதில்லை, போட்டிருக்கிற கவசம்தான் காப்பாற்றுகிறது என்று என் கணவர் சொன்னார். சொல்வது அவருக்கு லேசு. கொக்கியில் கையை வைத்தேன், எடுத்தேன், பிறகும் வைத்தேன். மகள் பசியில் அழுதுகொண்டு என் கழுத்தை நோக்கி வாயைத் திறந்தபடி தாவினாள். அப்போதுதான் கழற்றினேன். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

அடுத்த நாள் முதல் என் கணவர் வழமைபோல வேலைக்குப் போனார், நான் வெறும் கழுத்தோடு வழியனுப்பினேன். ஒவ்வொரு நாளும் அவர் திரும்பி வரும்வரை மாமியும் நானும் ஒருவரோடொருவர் கதைக்க மாட்டோம். பிள்ளை மாப்பால் போத்தலைத் தட்டிவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுக்கும். அந்தச் சிறிய கைகளை நான் பிடித்து விலக்க வேண்டும். அதைச் செய்ததில்தான் நான் அந்த நாட்களில் அதிகம் அழுதேன்.

கொழும்பிலிருந்து முடிவு வந்ததாக ஒரு முற்பகலில் டொக்டர் போன் எடுத்தார். என்னில் பாதரசம் கூடுதலாக இருந்ததாம், அதை நான் எதிர்பார்த்ததுதான்.

"பிள்ளையின்ர உடம்பிலயும் இருக்குது, அம்மா. குறையும். கொஞ்ச மாதத்தில திருப்பி எடுத்துப் பாப்பம். பயப்பிடாதேங்கோ."

குறையும் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்த்தேன். இருக்கிறது என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. எந்த விஷமும் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு அதை நான் ஊட்டியிருக்கிறேன். மாமிக்குச் சொல்ல வாய் வரவில்லை. சொல்ல இருந்தது ஒரே ஒரு ஆள், அவர் வெடிகளுக்கு நடுவில் இருந்தார்.

சாப்பாட்டு இடைவேளையில் அவரே எடுத்தார்.

"ரிசல்ட் வந்ததோ?"

"இன்னும் வரேல்லை. நீங்கள் வேலையைப் பாருங்கோ."

குரல் நடுங்கவில்லை. எப்படி நடுங்காமல் இருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. பின்னேரம் வருவதாகச் சொல்லிப் போனை வைத்தார். அவர் மறுபடி நிலத்தில் இறங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டபடி வீட்டுக்கும் படலைக்கும் நடந்தேன். பிசைந்த சோறு உண்ணாமல் கோப்பையிலேயே கிடந்தது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஓடிப்போய், அவர் இறங்க முன்னமே சொல்லிவிட்டேன். பிள்ளையிலும் இருக்குதாம். குறையுமாம்.

அவர் ஹெல்மெட்டின் பட்டியைக் கழற்றக் கையை உயர்த்தினார். விரல்கள் நடுங்கி நடுங்கி வழுக்கின. அன்று முழுக்க மிதிவெடிக்கு முன்னால் அசையாமல் இருந்த கை அது. நான் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, பட்டியை நானே கழற்றிவிட்டேன்.