கிளாஸின் அடியில் சிவப்புப் பொட்டு

இன்று காலை திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்ததும் பேப்பர் கப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். பழைய பழக்கம்.

தொண்ணூறுகளில், சாதிச் சண்டைக்குப் பிறகு எங்கள் ஊரில் சமாதானக் கூட்டம் போட்டார்கள்.

"இனிமே தனி கிளாசு கெடையாது. எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் டீக்கடைக்காரர். கை தட்டினோம்.

புது கிளாஸ்களில் டீ வந்தது. குடித்துவிட்டுக் கவிழ்த்தால், அடியில் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு. எங்கள் தெருக்காரர்களின் கிளாஸ்களில் மட்டும்.

டீ எடுத்துக் கொடுத்த கடை வேலையாள் வெளியூர். யார் எந்தத் தெரு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு கிளாஸ்கூட மாறவில்லை.

இன்றைய கப்பில் ஒன்றுமில்லை.

"பொட்டு இருக்காண்ணே?"

திடுக்கிட்டுத் திரும்பினேன். முன்பின் தெரியாத ஒருவர் தன் கப்பைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். நரிக்குடிப் பக்கமாம்.

"எங்க ஊர்ல பச்சை" என்றார்.

உங்கள் ஊரில் என்ன நிறம்?