அத்திக்கும் பசலைக்கும் ஒரே ஈரம்

பாத்திரம் கழுவும் கல்லிலிருந்து வழிந்து, சுவரோரமாக ஓடி, கொல்லை மூலையில் போய்த் தேங்கும் அந்தக் கொஞ்சம் தண்ணீர் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு பாய் விரித்த அளவுக்கு மேல் அந்த ஈரம் பரவாது. எண்பதுகளின் நடுவில், மழை பொய்த்துப்போன வருடம் அது. அரூருக்கும் மொரப்பூருக்கும் இடையில் இருந்த எங்கள் ஊரில் கிணறுகள் வற்றி, அடிபம்பின் முன்னால் விடியும்போதே குடங்கள் வரிசை கட்டிவிடும். கொல்லையில் பச்சையாக ஏதாவது ஒன்று நிற்க வேண்டுமென்றால் அது அந்த மூலையில்தான் நிற்க முடியும். அங்கே என் மாமனார் ஓர் அத்திக் கன்றை நட்டிருந்தார்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். கணவர் அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். கடைசி பஸ் மலையிலேயே நின்றுவிடும் என்பதால் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருவார். மற்ற நேரமெல்லாம் வீட்டில் நானும் மாமனாரும்தான். அவர் ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து பழகியதாலோ என்னவோ, ஊருக்குள்ளும் தரையைப் பார்த்தபடியேதான் நடப்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பூசை முடிந்ததும் யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் வந்துவிடுவார். என்னிடம் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். கோபமா, வருத்தமா, திருப்தியா என்று அந்த முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனாலேயே எனக்கு அவரிடம் பயம்.

என் முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. அரூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் ரத்தமே இல்லை என்றார். நான் வீடு திரும்பிய அதே வாரத்தில்தான் மாமனார் எங்கிருந்தோ அந்த அத்திக் குச்சியை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து நட்டார். ஓடைக்கரையில் தானாக முளைக்கும் அத்தி இல்லை. பழத்துக்காக வளர்க்கும் சீமை அத்தி. பிள்ளை போன வீட்டில் இந்த மனுஷனுக்கு மரம் வைக்கத் தோன்றுகிறதே என்று எனக்குள் கசந்தது. வெளியே சொல்லவில்லை. பாத்திரம் கழுவும்போதெல்லாம் அந்தக் குச்சிக்குத் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த வருடம் மறுபடியும் நாள் தள்ளிப்போனது. கணவரைத் தவிர வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் இதுவும் போய்விடும் என்று ஒரு பயம். மாடத்திலிருந்த மாதா படத்துக்கு முன்னால்கூட அதை வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள்தான் வேண்டிக்கொள்வேன். டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, தினமும் கீரை சாப்பிடச் சொல்லியிருந்தார். கீரைக்கு எங்கே போவது? சந்தைக்கு வருவதே வாடி வதங்கி வந்தது.

பக்கத்து வீட்டில் கன்னடம் பேசும் அக்கா ஒருவர் இருந்தார். அவர் வீட்டுக் கூரையில் கொடிப்பசலை படர்ந்திருந்தது. நான் வாந்தி எடுக்கும் சத்தத்தை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருப்பார் போல. ஒரு நாள் சிவப்புத் தண்டு நாலைந்தை ஒடித்துக்கொண்டு வந்தார்.

"எங்க பாசையில இதப் பசளெ சொப்புன்னு சொல்லுவோம். ஈரத்துல சொருகி வுடு, போதும். மாசம் திரும்பறதுக்குள்ள பறிக்கலாம்," என்றார்.

ஈரம் என்று சொல்ல எங்கள் கொல்லையில் இருந்தது அந்த மூலை ஒன்றுதான். அத்திக்குப் பக்கத்திலேயே சொருகினேன். மாமனார் வந்து நின்று பார்த்தார்.

"ரெண்டுக்கும் அங்க தண்ணி பத்தாதும்மா."

"கீரைக்குக் கொஞ்சம் இருந்தாப் போதுங்க மாமா."

"கொடி தெனம் தண்ணி கேக்கும். ஒரு வெயில் தாங்காது. மரம் அப்படி இல்ல, ஒரு தடவ வேர் புடிச்சுட்டா அதுபாட்டுக்கு நிக்கும், நம்ம காலத்துக்கப்புறமும் காய்க்கும்."

அவ்வளவு நீளமாக அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. எனக்கோ இந்த மாதமே இலை வேண்டும். அதை எப்படி அவரிடம் சொல்வேன்?

இன்று தருமபுரியில் என் வீட்டுக்கு வருகிறவர்கள், சின்னத் தோட்டத்துக்கு அத்தி வைக்கலாமா, பசலை வைக்கலாமா என்று சாதாரணமாகக் கேட்கிறார்கள். அத்திக்கு வெயிலும் இடமும் வேண்டும், சுவரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேர் சாக்கடைக்குள் புகுந்துவிடும், பழத்துக்கு இரண்டு மூன்று வருடமாவது காத்திருக்க வேண்டும் என்பேன். பசலைக்கு ஒரு கயிறும் தினம் ஒரு சொம்புத் தண்ணீரும் போதும். பறிக்கப் பறிக்கத் துளிர்க்கும், பழம் உதிர்ந்த இடத்தில் தானே முளைக்கும். இடம் இருந்தால் இரண்டையும் வையுங்கள் என்று முடிப்பேன். அப்போது எனக்கு அப்படி முடிக்க வழி இருக்கவில்லை.

சில நாளில் பசலை வாட ஆரம்பித்தது. அத்தியின் இலையும் ஓரம் கருகியது. ஒரு காலையில் பாத்திரங்களோடு கொல்லைக்குப் போனால், அத்தியைக் காணோம். அது நின்ற இடத்தில் குழிதான் இருந்தது. ஆடு புகுந்துவிட்டதோ, அவர் வந்து கேட்டால் நான்தான் பிடுங்கினேன் என்று நினைப்பாரோ என்று குழியைச் சுற்றிக் குளம்புத் தடம் தேடினேன். குழி முன்னால் நின்றுகொண்டிருந்தபோது மாமனார் மண்வெட்டியோடு வந்தார். குழியை மூடினார். பசலையைச் சுற்றிப் பாத்தி கட்டி, கூரையிலிருந்து கயிறு இறக்கிக் கட்டினார்.

"மரத்த பின்னாடி வேலிக்கு அந்தாண்ட மாத்தி வெச்சுட்டேன்," என்றார்.

"அங்க தண்ணியே இல்லீங்களே மாமா?"

"அது பொறுக்கும். வயித்துல இருக்கறது பொறுக்காது."

நான் குனிந்து தண்டின் நுனியைக் கயிற்றில் சுற்றிவிட்டேன். யார் சொல்லி அவருக்குத் தெரிந்தது என்று கேட்கவில்லை.

கொடி ஏறியது. நான் பருப்போடு கடைந்து களிக்குத் தொட்டுக்கொண்டேன். கொழகொழப்பில் குமட்டும்; கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவேன். வேலிக்கு அப்பால் அத்தி இலை உதிர்த்து, குச்சியாகி, காய்ந்தது. முகம் கழுவும் தண்ணீரை அவர் சொம்பில் பிடித்துக்கொண்டு அங்கே போவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். பிறகு போவதை நிறுத்திவிட்டார்.

ஐந்தாம் மாதம் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போயிற்று. ஒரு மத்தியானம் நான் பயந்தது போலவே புடவையில் ரத்தம் பட்டது. கணவர் மலையில் இருந்தார். மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து ரோட்டுக்கு ஓடினார். தரையைப் பார்த்தே நடக்கும் மனிதர், அன்று ரோட்டின் நடுவில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்று, புளி மூட்டை ஏற்றிவந்த லாரியை நிறுத்தினார்.

டிரைவர் பக்கத்தில் என்னைச் சாய்த்து உட்கார வைத்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் எனக்கு உயிர் போய் வந்தது. "மெதுவாப்பா, மெதுவா" என்பார். அடுத்த நிமிடமே "இன்னும் கொஞ்சம் வேகமாப் போயேம்பா" என்பார்.

"வேகமாப் போவணுமா, மெதுவாப் போவணுமா, ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க பெரியவரே," என்றார் டிரைவர்.

"ரெண்டும்தாம்பா," என்றார் மாமனார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

டாக்டரம்மா வயிற்றில் குழல் வைத்துக் காது கொடுத்த அந்தக் கொஞ்ச நேரம் போல நீளமான நேரத்தை நான் பிறகு வாழ்ந்ததில்லை. "துடிப்பு இருக்குது," என்றார். என் இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தமும் போன தடவைக்கு இப்ப தேவலாம். ஆனா எந்திரிக்கக் கூடாது."

ஆஸ்பத்திரியில் சில வாரம், பிறகு பிரசவம் வரைக்கும் வீட்டில் படுக்கைதான். மாமனார்தான் கீரை பறித்தார், பக்கத்து வீட்டக்கா கடைந்து கொடுத்தார். ஒவ்வொரு காலையிலும் கண் விழித்ததும் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பேன். அசைவு தெரியும் வரை மூச்சு விடமாட்டேன். அதே ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவுதான், அழுகை மட்டும் பலம்.

மறுநாள் மாமனாரைக் காணோம். பேத்தி என்பதால் வரவில்லையோ என்று என் மனம் கண்டபடி ஓடியது. சாயங்காலம் வந்தார். மொரப்பூரில் ரயில் ஏறிச் சேலம் போய்வந்த களைப்பு முகத்தில் இருந்தது. மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கயிற்றில் கோத்த உலர்ந்த அத்திப்பழங்கள்.

"போன வருசம் நாட்டு வைத்தியர் ஒருத்தர், இதத் தின்னா ரத்தம் ஊறும்னு சொன்னாரு. நம்ம வூட்டுலயே காய்ச்சா நீ தெனம் சாப்புடுவயேன்னுதான் அந்த மரத்த வெச்சேன்," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

குழந்தையை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன். துண்டில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். வாங்கவில்லை.

"மொதல்ல நீ ரெண்டு பழம் சாப்புடும்மா. பாத்துட்டு அப்புறம் வாங்கிக்கறேன்."

நான் மென்று விழுங்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைகளை நீட்டினார்.